‘இன்னா’ சொல்லி அழுவது

என் முகம் நிறைய வீடுகளுக்குத் தெரியும். காய்கறிக் கடையில் நின்றால் திரும்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் செல்போனைத் தூக்குவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையே மேடையை விட்டு இறங்கி வந்து என்னோடு ஒரு படம் எடுத்துக்கொள்வார், பெண் வீட்டார் முறைப்பதைக்கூடக் கவனிக்க மாட்டார். ஆனால் என் குரல் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் சேர்ந்த வருடமே நடிக்க வந்தவள் நான். அன்றிலிருந்து சமீபகாலம் வரை திரையில் நான் வாயைத் திறந்தால் வெளியே வந்தது வேறொரு பெண்ணின் குரல். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது, என்னவோ நான்தான் அவர்களை ஏமாற்றிவிட்ட மாதிரி. எனக்கு அவர்களைவிடக் கோபம் அதிகம் என்பதை நான் சொல்லிக்கொள்வதில்லை.

கோபப்படக் காரணம் இருக்கிறது. நான் மைக்செட்காரர் மகள். மணலூர்பேட்டையில் அப்பாவுக்கு அதுதான் தொழில். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் எதுவானாலும் எங்கள் வீட்டிலிருந்துதான் குழாய் ஸ்பீக்கர் போகும். மற்ற பிள்ளைகள் பொம்மையை வைத்து விளையாடிய வயதில் நான் மைக்கை வைத்து விளையாடினேன். தை மாதம் ஆற்றுத் திருவிழா நடக்கும்போது பெண்ணையாற்று மணலில் கூட்டம் நெரியும், பிள்ளைகள் தொலைந்துபோகும். அப்பா என்னை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்துவார். ‘பச்சச் சட்ட போட்ட பையன் ஒன்னு இங்க அழுதுக்கினு இருக்குது, அவங்க அம்மா எங்க இருந்தாலும் வாங்க’ என்று நான் சொன்னால் அக்கரை வரைக்கும் கேட்கும். பெரியவர் யாராவது அறிவித்தால் கூட்டம் பாட்டுக்குக் கரும்பு கடித்துக்கொண்டிருக்கும். நான் பேசினால் நின்று கேட்பார்கள். அந்த வயதிலேயே எனக்கு அதில் பெருமை, கொஞ்சம் திமிர் என்றுகூடச் சொல்லலாம்.

என்னை சினிமாவில் சேர்த்துவிட்டதும் அந்த மைக்செட்தான். கல்வராயன் மலையில் படப்பிடிப்புக்கு வந்த ஒரு கூட்டம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஒதுக்கி நிறுத்த மைக்செட் வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டிருந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். அந்தப் படத்தில் நடிக்கச் சென்னையிலிருந்து கூட்டிவந்த குழந்தைக்கு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கத் தொடங்கியது, மேலே வந்தும் நிற்கவில்லை. அவளுடைய அம்மா அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான் அப்பாவின் மைக்கைப் பிடித்து, வேலி ஓரம் நின்றிருந்த ஜனங்களை ‘தள்ளி நில்லுங்க, இன்னா பாத்துக்கினு இருக்கீங்க, படம் வந்ததும் கொட்டாயில பாக்கலாம்’ என்று அதட்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்தார். குரலைக் கேட்டுத்தான் வந்தார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த மாதமே அந்தக் குரலைத் தூக்கி எறிந்தவரும் அவரேதான்.

கதைப்படி மலைக்கிராமத்தில் ஒரு கிழவி, அவளுடைய பேத்தி நான். கிழவி ஊரை விட்டுப் போகும்போது பேத்தி பின்னாலேயே ஓடிவந்து ‘பாட்டி, போகாதே’ என்று அழ வேண்டும். கிழவியாக நடித்தவர் அந்தக் காலத்தில் பெரிய நடிகை. அவர் நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது, அவர் எதிரில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. மலை மேல் பனிமூட்டம் இறங்கி, மரமெல்லாம் பாதி மறைந்து, கேமராக்காரர் பரபரத்துக்கொண்டிருந்தார். இது கலைவதற்குள் எடுக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த வசனமெல்லாம் மறந்துபோனது. அந்த அம்மா பனிக்குள் நடந்து போவதைப் பார்த்ததும் நிஜமாகவே பயமாகிவிட்டது. ஓடிப்போய்ப் புடவையைப் பிடித்து இழுத்து, ‘ஆயா, போவாத, ஆயா’ என்று கத்தி அழுதேன்.

எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா. நாங்கள் வேறு சொல்லி அழுததில்லை. சினிமாக்காரர்களுக்கு ஆயா என்றால் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைக்கும் பெண். கட் சொன்னதும் அந்த நடிகை திரும்பி, “யாரைப் பார்த்து ஆயாங்கிறா இவ?” என்றார். ஒரே ஒரு வாக்கியம். யூனிட்டே நடுங்கியது. உதவி டைரக்டர் ஒருவர் என் காதைத் திருகினார். அப்பா ஓடிவந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “எங்கூர்ல பாட்டிய அப்புடித்தாங்க கூப்புடுவாங்க, மரியாதையாத்தாங்க சொல்லிச்சி பாப்பா” என்றார். நடிகை அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு மூக்கைத் துடைத்துவிட்டார். “அழுதது நல்லா அழுதே” என்றார். இன்றைக்கும் அது எனக்குப் பெரிய பாராட்டு.

இன்னொரு முறை எடுப்பதற்குள் பனி கலைந்துவிட்டது. மறுநாளும் அப்படி இறங்கவில்லை. ஆகவே படத்தில் இருப்பது நான் ஆயா என்று கத்தியதுதான். ஆனால் கேட்பது அது இல்லை.

படம் திருக்கோவிலூர் தியேட்டருக்கு வந்தபோது தெருவே வண்டி பிடித்துப் போனோம். முதல் காட்சியிலேயே நான் வந்தேன். வாயைத் திறந்தேன். தேனில் குழைத்த மாதிரி ஒரு குரல், ‘பாட்டி, எனக்குப் பசிக்கிறது’ என்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்துச் சீட்டில் இருந்த என் தோழி என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பனிக் காட்சி வந்தது. என் வாய் ஆவென்று திறக்கிறது, அந்தத் தேன்குரல் ‘ஆத்தா, போகாதே’ என்கிறது. அதுவரை பாட்டியாக இருந்தவள் திடீரென்று ஆத்தா ஆனது ஏன் என்று படம் பார்த்த ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “படம் எப்புடிப்பா?” என்று கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, “நல்லாத்தான் இருக்குது. நம்ம பாப்பா எப்ப பேசும், எப்ப பேசும்னு பாத்துக்கினே இருந்தேன். கடைசி வரைக்கும் பேசவே இல்லியே” என்றார்.

அதற்குப் பிறகும் சில படங்களில் நடித்தேன். கதாநாயகனின் தங்கை சிறுமியாக இருந்தபோது, கதாநாயகி சிறுமியாக இருந்தபோது, யாராவது ஒருவர் சிறுமியாக இருந்தபோது என்று எனக்கு வேலை இருந்தது. எல்லாவற்றிலும் தேன்குரல். பிறகு வளர்ந்தேன். குழந்தைக்கும் ஆகாமல் குமரிக்கும் ஆகாமல் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு சினிமாவில் வேலை இல்லை. யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள், அவ்வளவுதான். திருக்கோவிலூரில் பள்ளிக்கூடத்தை முடித்து, கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போனேன். பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்து, “நீ அந்தப் பனியில ஓடுற பொண்ணுதானே” என்பார்கள். ஆமாம் என்றால், “ரெண்டு வரி பேசிக்காட்டு” என்பார்கள். பேசினால் முகம் சுருங்கிவிடும்.

மறுபடி சென்னைக்குப் போனது சீரியலுக்காக. முதல் தேர்வில் என் ஊர்ப்பேச்சிலேயே வசனத்தைச் சொன்னேன். எதிரில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீன்காரி வேடம் கொடுக்கிறோம், இடுப்பில் கை வைத்துச் சண்டை போடு என்றார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சினிமாவில் ‘இன்னா’ என்று சொல்கிறவன் ஒன்று ரௌடி, இல்லாவிட்டால் காமெடியன். மதுரைப் பேச்சில் வீரவசனம் உண்டு, கோயமுத்தூர்ப் பேச்சில் மரியாதை உண்டு, திருநெல்வேலிப் பேச்சில் தாய் அழலாம், மகன் அழலாம். எங்கள் பேச்சைக் கேட்டாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் அழுததே இல்லையா? கரும்புக் கொல்லையில் கூலிக்குப் போகிறவள் வயிற்று வலியில் சுருண்டு படுக்கும்போது சினிமாக்காரர்கள் சிரிக்கட்டும் என்றா ‘இன்னா பண்ணுவேன்’ என்கிறாள்?

கோபம் ஒரு பக்கம். வயிறு ஒரு பக்கம். மீன்காரியாகவே காலம் தள்ள எனக்கு விருப்பமில்லை. வூடு என்றே வரும் வாயைத் திருத்த, கண்ணாடி முன்னால் நின்று வீடு, வீடு, வீடு என்று சொல்லிப் பழகினேன். போய்க்கினு எல்லாம் போய்க்கொண்டு ஆனது. இவ்வளவு பழகியும் சீரியலில் என் குரல் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். கொஞ்சம் கட்டைக் குரலாம். எனக்குப் பேச ஒரு அக்காவை ஏற்பாடு செய்தார்கள். குடும்பத்தைக் கெடுக்கும் நாத்தனாராக நான் கண்ணை உருட்டினேன், அக்கா பேசினார், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பல வீடுகளில் நல்ல பெயர் வாங்கினோம். அதாவது கெட்ட பெயர்.

அந்த அக்காவை நான் நேரில் பார்த்தது வெகுநாள் கழித்து, ஒரு டப்பிங் தியேட்டர் வாசலில். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் வெந்நீர் பாட்டிலோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாடி என் மூஞ்சி” என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டோம். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, அந்தப் பனிப் படத்தில் எனக்குப் பேசிய தேன்குரலும் அவரேதான். அப்போது அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாராம், குழந்தைக் குரல்களெல்லாம் அவர்தான் பேசுவாராம். “நீ பண்ணின கூத்து கொஞ்சமா? நீ ஆயான்னு வாயைத் திறந்துவச்சிருக்கே. பாட்டின்னு சொல்லணும்னா உதட்டை மூடணும். மூடாத உதட்டுக்கு நான் எங்கே போறது? நான்தான் ஆத்தான்னு போடலாம்னு சொன்னேன்” என்றார். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவர் மேல் கோபப்படுவதற்காக நான் எத்தனையோ வருடம் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் அதைக் கெடுத்துவிட்டார்.

ஊருக்கு வந்தால் எனக்கு நாத்தனார் வரவேற்புதான். ஒரு முறை திருக்கோவிலூர்க் கடைவீதியில் பூ விற்கும் அம்மா என்னை நிறுத்தி, “ஏம்மா, அந்தப் பொண்ணு மாசமா இருக்குது, அது சோத்துல போயி உப்ப அள்ளிக் கொட்டிக்கினு இருக்கியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?” என்றார். “நான் இல்லிங்க, கதையில அப்படி எழுதிட்டாங்க” என்றேன். அவர் கோபத்தை விட்டுவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார். “கொரலு இன்னா இப்புடி கட்டிக்கினு இருக்குது? சளியா? கற்பூரவல்லி கசாயம் வச்சிக் குடிம்மா” என்றார். பூவும் ஒரு முழம் கூடுதலாகக் கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் வந்தது. டைரக்டர் நைனார்பாளையம் பக்கத்துக்காரர், முதல் படம். கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண்ணின் கதை. அவள் புருஷன் கட்டட வேலைக்காக வெளியூர் கிளம்புகிறான், போனால் திரும்பி வருவானா என்பது அவளுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் அவனை மறித்துக்கொண்டு அழுகிறாள். படமே அந்த அழுகையில்தான் நிற்கிறது. டைரக்டர் என் வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது, “அக்கா, நம்ம பேச்சிலதான் எழுதியிருக்கேன், நீங்கதான் பேசணும்” என்றார். சம்பளம்கூடக் கேட்காமல் சரி என்றேன்.

சின்னசேலம் பக்கத்தில் படப்பிடிப்பு. அழுகைக் காட்சி எடுக்கும் நாளில் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கூட்டம். ‘இன்னாத்துக்கு போற? நான் இங்க யார பாத்துக்கினு இருப்பேன், சொல்லிட்டுப் போ’ என்பதுதான் வசனம். கண்ணீர் வந்தது, உதடு துடித்தது, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த யூனிட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை அவர்களுக்கு. தயாரிப்பாளர் அங்கே இருந்தார். அவர் நல்ல மனிதர், படத்தின் மேல் ஆசை உள்ளவர். என்னிடமே வந்து, “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, தியேட்டர்ல இந்த இடத்துல சிரிச்சிட்டா படம் காலி. டப்பிங்ல பொதுத்தமிழ் ஆக்கிடலாம், உங்களுக்கு எப்பவும் பேசுறவங்களே பேசட்டும்” என்றார்.

எடுத்ததைப் போட்டுக் கேட்டேன். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. நான் சொன்ன ‘இன்னா’ என் ஊர் இன்னா இல்லை. சினிமாவில் வரும் இன்னா. தூக்கி, நீட்டி, இடுப்பில் கை வைத்த மாதிரி ஒரு இன்னா. நாத்தனாராகக் கண்ணை உருட்டி உருட்டி, கண்ணாடி முன்னால் வீடு வீடு என்று சொல்லிச் சொல்லி, என் வாய்க்குள் இருந்ததை நானே எங்கேயோ போட்டுவிட்டேன். டைரக்டர் எனக்காகச் சண்டை போட்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். டப்பிங்கில் நான் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம். தயாரிப்பாளர் கேட்பார். அவருக்குச் சிரிப்பு வந்தால் அக்கா பேசுவார், அதற்காக அன்றைக்கு அக்காவையும் வரச் சொல்லிவைப்பார்கள்.

நான் மணலூர்பேட்டைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். போனதும் பேச்சு தானாக வந்துவிடும் என்று நினைத்தால், வரவில்லை. கேட்பதற்குச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பால்காரரைப் பேசவிட்டுக் கேட்டேன், நடவுக்குப் போகும் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அவர்களைக் கிண்டல் செய்வது போலிருந்தது. ஒருத்தி, “இன்னாக்கா, எங்கள வச்சி காமெடி பண்ணப்போறியா?” என்று கேட்டேவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகையைக்கூடப் பொதுத்தமிழில்தான் அழுதேன்.

அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. மைக்செட் தொழிலைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். இருந்தாலும் மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் அவர் கையாலேயே குழாய் கட்ட வேண்டும். அந்த வாரம் கூழ் ஊற்றுவதற்காக ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்றேன். ஆள் வைத்துக் கட்டலாம் என்றேன். “ஆளு கட்டுனா குழாய் ஒரு பக்கமா பாக்கும்” என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினார். நான் கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தேன். கிட்டத்தட்ட உச்சிக்குப் போனதும் ஏணி நழுவியது. அவர் கிளையைப் பிடித்துத் தொங்கி, அப்படியே சறுக்கிக்கொண்டு வந்து மண்ணில் விழுந்தார். கண்ணைத் திறந்து படுத்திருந்தார், பேசவில்லை.

ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கை காலை அசைத்தார். அப்புறம்தான் எனக்கு வந்தது ஆத்திரம். “இன்னாப்பா நீ? இன்னாத்துக்கு ஏறுன? நான் ஒருத்தி கத்திக்கினே இருக்கேன், காதுல வாங்கிக்காம ஏறிக்கினே இருக்க. உனுக்கு எதுனா ஆயிடுச்சின்னா நான் எந்த வூட்டுக்கு வருவேன்? சொல்லு, எந்த வூட்டுக்கு வருவேன்?” என்று அவர் தோளில் அடித்து அடித்து அழுதேன். கோயில் வேலையாக நின்றிருந்த பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். அப்பா, “ஒன்னும் ஆவல, வுடுமா, எல்லாரும் பாக்குறாங்க” என்றார். காலில் சுளுக்கு, முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு, வீட்டில் படுக்கவைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவும்போதுதான் நான் பேசியது எனக்கே கேட்டது. அதில் இன்னா இருந்தது. தூக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. சொல்லப்போனால் அது இருந்ததே தெரியவில்லை. ‘எந்த வூட்டுக்கு’ என்பதில்தான் தொண்டை அடைத்திருந்தது. இவ்வளவு நாளும் நான் ‘இன்னா’வை அழவைக்கப் பார்த்திருக்கிறேன், அழுகிறவளை விட்டுவிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அப்பா படுத்தபடியே குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

டப்பிங் அன்றைக்கு அக்கா எனக்கு முன்பே வந்து காத்திருந்தார், அதே வெந்நீர் பாட்டிலோடு. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பேசிவிட்டால் அவருக்கு இந்த வேலை இல்லை. நான் தோற்றால்தான் அவர் உள்ளே வர வேண்டும். அவரோ என் தோளைத் தட்டி, “தண்ணி குடிச்சியா? ஏசி அதிகமா இருக்கு, காதை மூடிக்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே போய் மைக் முன்னால் நின்றேன். திரையில் நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். என் உதடு அசைந்தது. நான் அந்த உதட்டைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் மண்ணில் கிடந்தவரைப் பார்த்துப் பேசினேன்.

பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் குனிந்து உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. சவுண்ட் என்ஜினியர், “உதட்டுக்கும் குரலுக்கும் கொஞ்சம் தள்ளிப்போகுது, நகர்த்திக்கலாம்” என்றார். டைரக்டர் மூக்கை உறிஞ்சினார். அப்போது அவர்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தயாரிப்பாளரிடம், “சார், இதை நான் பேச மாட்டேன். பேசினா பாவம்” என்றார். கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார். “இத்தனை வருஷமா உனக்குப் பேசினேனே, ஒரு தடவையாவது இப்படிப் பேசிக்காட்டியிருக்கக் கூடாதா? நானும் கொஞ்சம் ஒழுங்கா பேசியிருப்பேன் இல்ல” என்றார். எனக்கு அவர் மேல் இருக்கும் அன்பை எழுதி முடியாது. அவர் போன பிறகு தயாரிப்பாளர் தலையை நிமிர்த்தி, “அப்படியே இருக்கட்டும்” என்றார்.

படம் கள்ளக்குறிச்சியில் வெளியானபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முகத்தில் மாஸ்க் போட்டு, கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தோம். சென்னையில் சிரிக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள், அது எனக்குப் போதவில்லை. இவர்கள் பேச்சு இது. இவர்கள் சிரித்தால் நான் கிண்டல் செய்ததாகத்தான் அர்த்தம். பஸ் ஸ்டாண்ட் காட்சி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். என் குரல் தியேட்டர் முழுக்க எழுந்தது. முன்னால் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் அம்மா உஷ் என்றாள். வேறு சத்தம் இல்லை. கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் அழவில்லை. ஒரு காதைத் திரைப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தன் மைக்செட்டில் ஏதாவது கரகரப்பு இருக்கிறதா என்று கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் பக்கத்து வரிசைப் பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நடவோ களையெடுப்போ முடித்துவிட்டு நேராக வந்தவர்கள் போல, கூடையும் தூக்குவாளியும் காலடியில் இருந்தன. அவர்களில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது என் மாஸ்க் கழுத்தில் இறங்கியிருந்தது. அடையாளம் கண்டுகொண்டார். “நீ அந்த நாத்தனாருதானே?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லா நடிச்சிருக்கம்மா. ஆனா இன்னாத்துக்கு உன் கொரல எடுத்துட்டாங்க? டிவில எவ்ளோ நல்லா பேசுவ” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இறங்கிய மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் விடவில்லை. “தப்பா சொல்லலம்மா. பேசுன பொண்ணும் நல்லாத்தான் பேசியிருக்குது. எங்க வயித்தையே கலக்கிடுச்சி. நம்ம பக்கத்துப் பொண்ணாட்டம் இருக்குது, எந்த ஊருப் பொண்ணு அது?” என்று இந்த முறை அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா அன்று சுளுக்கிக்கொண்ட காலை ஊன்றி மெல்ல எழுந்துகொண்டே சொன்னார்.

“எங்க வூட்டுப் பொண்ணுதாங்க.”